எட்டாவது ஃபெயில்னு சொன்னவ

பிள்ளைங்களா, போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனப்போ செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா, "நல்லா கீறீங்களாண்ணா?"ன்னு என்னைக் கேட்டுட்டுப் போனாங்க. யாருப்பான்னு கேட்டீங்க. என் கம்பெனி பஸ்ல வர்றவங்கன்னு சொன்னேன். அது பாதிதான். மீதிய இப்ப எழுதறேன். இனிமே தெரிஞ்சா அவளுக்கு ஒண்ணும் கெட்டுப் போகாது.

அவ என்கூடப் பத்தாவது வரைக்கும் ஒரே வகுப்புல படிச்சவ. நான் தட்டுத் தடுமாறி பாஸ். அவ கணக்குல பள்ளிக்கூடத்துக்கே முதல். பரீட்சை முடிஞ்சதும் மாமல்லபுரம் பக்கம் கட்டிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் நாங்க யாரும் அவளைப் பார்க்கல.

பல வருஷம் கழிச்சு ஒரு நாள் காலையில நான் ஓட்டற பஸ்ல ஏறினா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள "வணக்கம்ணா"ன்னு சொல்லிட்டுப் பின்னாடி போய் உக்காந்துட்டா. மறந்துட்டா போலன்னு நினைச்சேன். சாயங்காலம் கடைசியா இறங்கறப்போ படிக்கட்டுல நின்னா.

"டேய், என்கூடப் படிச்சவன்னு யார்கிட்டயும் சொல்லிடாத."

"ஏன், இன்னா ஆச்சு?"

அவ வூட்டுக்காரர் கட்டட வேலையில விழுந்து இடுப்பு போச்சு. ரெண்டு பொண்ணுங்க. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் என் பஸ் போற கம்பெனியில முப்பத்தஞ்சுக்கு மேல பொம்பளைங்கள எடுக்க மாட்டாங்க. அவ ஆதார்ல யாரோ பொறந்த வருஷத்தத் தப்பா ஏத்தி, எட்டு வயசு குறைஞ்சிருந்தது. அதையே காட்டிட்டா. மார்க் ஷீட்டக் காட்டினா உண்மையான வயசு தெரிஞ்சிடும். அதனால எட்டாவது ஃபெயில்னு சொல்லிட்டா.

"நீயா? எட்டாவது ஃபெயிலா?"

"சிரிக்காதடா."

நான் சிரிக்கல.

என் தலை அப்பவே பாதி நரை. என்கூடப் படிச்சவள்னு தெரிஞ்சா அவ வேலை போயிடும். அதனால பஸ்ல நான் அவளுக்கு அண்ணன். அவ மாசாமாசம் தலைக்கு மை அடிச்சுகினு வந்தா. பெரிய பொண்ணு நர்சிங் சேர்ந்தது அந்தச் சம்பளத்துலதான்.

அவ வேலை, சின்னச் சின்ன இரும்புப் பாகத்துல கீறல் இருக்கான்னு பார்த்து எடுத்து வைக்கிறது. கிட்டத்துல இருக்கறது மங்கலாத் தெரியற வெள்ளெழுத்து எனக்கு வந்த கொஞ்ச நாள்ல அவளுக்கும் வந்துடுச்சு. நான் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டேன். அவளால முடியல.

ஒரு நாள் பஸ்ல ஒரு சின்னப் பொண்ணு, "இன்னாக்கா, போனை அவ்ளோ எட்டத்துல புடிச்சுகினு பாக்குற? எங்கம்மா மாதிரியே கீற!"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அப்புறம் போனைப் பைக்குள்ள போட்டவ, ஊர் வர்ற வரைக்கும் எடுக்கல.

"கண்ணு வலின்னு சொல்லிட்டுக் கண்ணாடி போடேன்"னு நான் கேட்டேன்.

"இது எந்த வயசுல வர்றதுன்னு சூப்பர்வைசருக்குத் தெரியாதா? அவரே போட்டுகினுதான் கீறாரு."

கீறல் விழுந்த பாகங்க அவ மேஜையத் தாண்டிப் போக ஆரம்பிச்சுது. சொல்லிப் பார்த்தாங்க. போன மாசம் நிறுத்திட்டாங்க. வயசு விஷயம் கடைசி வரைக்கும் வெளிய வரல. வேலையில கவனம் இல்லைன்னு சொன்னாங்களாம். பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரும் அவளை அப்படிச் சொன்னதில்ல.

போன ஞாயித்துக்கிழமை நானும் உங்கம்மாவும் போய்ப் பார்த்தோம். வாசல்ல இறால் உரிச்சுகினு இருந்தா. பெரிய பொண்ணுக்குப் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் கீது.

"அணுபுரம் குவார்ட்டர்ஸ் பக்கம் வூட்டு வேலை எதுனா இருந்தா கேட்டுச் சொல்லுடா. அங்கல்லாம் வயசு பாக்க மாட்டாங்க இல்ல?"

கேட்டேன். ஒரு வூட்டுல ரெண்டு வயசுக் குழந்தையப் பாத்துக்க ஆள் வேணுமாம். ஓடியாடுற வயசா இருந்தா அனுப்புங்கன்னாங்க. இன்னொரு வூட்டுலயும் அதே பேச்சுதான்.

அவ ரெண்டு தடவ போன் பண்ணா. ரெண்டு தடவையும் வண்டி ஓட்டிகினு இருந்தேன். வண்டி நின்னப்புறமும் நான் திரும்பக் கூப்பிடல.