காந்தத்தோடு மூன்று நாள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில், முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் இரும்புத் துகள்களோடு மாரடித்தேன். இரும்பு உப்புக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கருப்பாக ஒரு வண்டல் இறங்கும். கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சும்மா விட்டால் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும். அதைத் தடுக்க அவற்றின் மேல் ஒரு கொழுப்பு அமிலப் பூச்சு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவற்றுக்குள் எவ்வளவு இழுபறி மிச்சமிருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

பலமுறை சொதப்பிய பிறகு ஒரு புட்டி நன்றாக அமைந்தது. அளக்கும் கருவி சென்னையில் இருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மூன்றாம் நாள் என் முறை. தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டிலோ, படித்தது போதும் என்ற பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஆய்வக உதவியாளர் அக்காவிடம் மட்டும் அதைச் சொல்லிப் புலம்புவேன்.

விடுமுறை முடிந்து போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டேன். தராசு, அடுப்பு எல்லாவற்றுக்கும் அக்கா சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். தொழில் சாமான்களைச் சேர்த்து வைத்துத்தானே கும்பிடுவோம்? என் புட்டியையும், துகள்களைப் பிரிக்க நான் வைத்திருக்கும் பெரிய காந்தத்தையும் ஒட்ட வைத்து, ஒரே பூச்சரத்தைச் சுற்றியிருந்தார். பூஜையில் வைத்ததை யாரும் அசைப்பதில்லை. மூன்று நாளும் அப்படியே இருந்திருக்கிறது. கருப்பெல்லாம் காந்தத்தின் பக்கம் அப்பிக் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. படிக்காதவர்கள் கை வைத்தால் இப்படித்தான் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அக்கா துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

மாலையில், கொட்டிவிடுவதற்கு முன் கடைசியாக, காந்தத்தை எடுத்துவிட்டுப் புட்டியைக் குலுக்கிப் பார்த்தேன். கருப்பு மெல்லப் பிரிந்து எங்கும் பரவியது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் அடியில் துளிகூடப் படியவில்லை. மூன்று நாள் நெருக்கிப் பிடித்தும் ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் பூச்சு அவ்வளவு உறுதி. அப்படி ஒரு சோதனை செய்ய எனக்குத் தைரியமே வந்திருக்காது. பேராசிரியருக்கும் வீட்டுக்கும் தோழிகளுக்கும் போன் பண்ணிவிட்டுச் சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அக்கா எனக்கு முன்பே வந்து ஆய்வக வாசலில் நின்றிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அதெல்லாம் உடுங்க அம்மிணி. அந்த பாட்டில் கெட்டுப்போச்சுன்னா ஊட்டுல உங்களப் படிக்க உடமாட்டாங்களேன்னு, ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லீங்க. அது தேறுமுங்களா?" என்றார்.

தேறிவிட்டது என்று எனக்கு முந்தின மாலையே தெரியும். ஊரெல்லாம் போன் பண்ணியவளுக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் அழுதார், எனக்கும் அழுகை வந்தது. நான் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன்.