இடது கட்டமும் வலது கட்டமும்

வீட்டில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். கணவர் வைத்த பெயர். "சாப்பிட்டீங்களா?" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், "முழுமையாகச் சாப்பிட்டேன், ஓரளவு சாப்பிட்டேன், கருத்து இல்லை. இதுல எதைச் சொல்லட்டும்?" என்பார். பத்தொன்பது வருஷமாக அதே கிண்டல். அவளும் பத்தொன்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

தொழில் அப்படி. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், வரிசையாகப் பன்னிரண்டு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு திரை, ஒரு நாற்காலி, தலையில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். ஊர் பேர் தெரியாதவர்களைக் கூப்பிட்டு, சோப்பு முதல் அரசாங்கம் வரை எதைப் பற்றியாவது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஒன்று என்றால் முழு ஆதரவு, ஐந்து என்றால் கடும் எதிர்ப்பு, எட்டு என்றால் நினைவில்லை. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும்: சொன்னதை எழுது. திருத்தாதே. உன் கருத்தைச் சொல்லாதே.

முகம் தெரியாத வேலை என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவளுக்கோ அதுதான் பிடித்தது. குரலுக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கும்! குழாய் ஒன்று சொட்டும். யாரோ நாற்காலியை இழுப்பார்கள். ஜன்னல் திறந்திருக்கிற வீடு எது, கட்டிலில் படுத்தபடி பேசுகிறவர் யார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். பிற்பகலில், பேசிப் பேசித் தொண்டை வறண்ட நேரத்தில், தான் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பதே மறந்துபோகும். ஒரு வீட்டின் கூடத்தில் நுழைந்து இன்னொரு வீட்டின் சமையலறை வழியாக வெளியே வந்து, அப்படியே தெருத்தெருவாக நடந்துகொண்டிருப்பாள்.

பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகம் மூடப்பட்டு வேலை வீட்டுக்கு வந்தது. வீட்டில் சத்தமில்லாத ஒரே இடம் துணி அலமாரி. ஆள் நின்று உடை மாற்றுகிற அளவுக்கு ஆழமான அலமாரி. அதற்குள் ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, கணவரின் கோட்டுக்கும் தன் புடவைகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள். வெளியே தெருவில் ஈ காக்கை இல்லை. உள்ளே உலகமே பேசியது.

அந்த வருஷம் கேட்டது ஒரே கேள்விதான், பல விதமாக. ஊரடங்கை ஆதரிக்கிறீர்களா? கடைகளை மூடியது சரியா? ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களைக் கட்டுப்படுத்தியது சரியா? ஆட்கள் அப்போது மனசு விட்டுப் பேசினார்கள். மூன்று நிமிஷத்தில் முடிய வேண்டிய அழைப்பு முப்பது நிமிஷம் போகும். கதவைத் தட்ட ஆளில்லாத நாட்களில், கேள்வி கேட்க ஒருத்தி வந்தாளே என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

அந்த வருஷம்தான் அவள் அம்மா போனதும்.

அம்மா இருந்தது தங்கையோடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம். மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. கேள்விக்காரி கடைசி வரை முகம் பார்க்கவில்லை. யார் கேட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "தங்கச்சி வராதேன்னுட்டா. அக்கா, வராதே, வந்து என்ன பண்ணப்போறேன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டா. கட்டுப்பாடு எல்லாருக்கும் உண்டுதான், ஆனா அவ ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னை உள்ள விட்டிருப்பாங்க." இதை முதலில் கணவரிடம் சொன்னாள். பிறகு சித்தி, பெரியப்பா மகன், பக்கத்துத் தடுப்பில் உட்காரும் தோழி என்று எல்லோரிடமும் சொன்னாள். எப்படியும் அது தங்கையின் காதுக்குப் போயிருக்கும். தங்கை ஒரு பதிலும் சொல்லவில்லை. நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நாலு வருஷம் கழித்து, பழைய ஆட்களையே மறுபடி கூப்பிடும் வேலை வந்தது. அன்று கட்டுப்பாடுகளைப் பற்றி என்ன நினைத்தீர்கள், இப்போது நினைவுபடுத்திச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைத் திரையின் வலது கட்டத்தில் எழுதினால், அன்று சொன்னது இடது கட்டத்தில் தானாகத் திறக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

முதல் வாரம் அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. பக்கத்து வீட்டில் பிறந்தநாள் கொண்டாடினார்கள் என்று காவல்துறைக்குத் தானே தகவல் கொடுத்ததாக அன்று பெருமையடித்த பெண்மணி, "எங்க தெருவே அப்ப ஒரே குடும்பமா இருந்துச்சும்மா" என்று உருகினாள். முகக்கவசம் போடச் சொன்னதற்காக அரை மணி நேரம் திட்டித் தீர்த்த மளிகைக்கடைக்காரர், "முகக்கவசம் இல்லாம நான் வாசப்படி தாண்டினதே இல்ல" என்று சாதித்தார். யாருமே பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. குரலை வைத்தே பொய்யைக் கண்டுபிடிப்பவள் அவள். ஒரு குரலிலும் ஒரு நடுக்கம் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கதையை அடியோடு நம்பினார்கள்.

"என்னமா காதுல பூ சுத்துறாங்க, பாருங்க" என்று அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்தாள். "நல்லவேளை, நமக்கெல்லாம் ஞாபகம் சரியா இருக்கு."

கணவர் எதையோ சொல்ல வந்தவர்போல் வாயைத் திறந்தார். பிறகு டீயைக் குடித்தார்.

மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் எண் வந்தது. கரகரத்த குரல். பின்னால் ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. "அப்பவே நான் சொன்னேன்மா, இதெல்லாம் அநியாயம்னு" என்றார் அவர். "மனுசன மனுசன் பாக்கக் கூடாதுன்னா அது என்ன சட்டம்? ஐந்து போடுங்க. அதுக்கு மேல இருந்தா அதைப் போடுங்க."

ஐந்து போட்டாள். இடது கட்டம் திறந்தது. ஒன்று.

இப்படி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால், அன்று குறியீட்டைத் தவறாக அழுத்திவிட்டார்களா என்று பழைய பதிவைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அது விதி. மேற்பார்வையாளர் அம்மாள் அதில் கறார். ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி அழுத்திப் பேசுவதால் அவருக்கு அடிக்கோடு என்று பெயர்.

"அன்னைக்கு எடுத்தது நீங்கதான். நீங்களே கேட்டு, நீங்களே எழுதிக் குடுங்க" என்றார் அடிக்கோடு.

கேள்விக்காரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அலமாரிக்குள் போன மாதிரி இருந்தது. கோட்டின் பூச்சி உருண்டை வாசனைகூட வந்தது. அவள் குரல், நாலு வயது இளைய குரல், முதல் கேள்வியைக் கேட்டது. டிரைவர் இடி இடித்த மாதிரி பதில் சொன்னார். "ஒன்று போடுங்க! வெளிய கால் வைக்கிறவன உள்ள தூக்கிப் போடணும்! என் பேரன் அடுத்த தெருவுலதான் இருக்கான். ஜன்னல்லதான் பாக்குறேன். நான் இருக்கல?"

குறியீடு சரிதான். அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலோடு இன்னும் கொஞ்சம் நடக்கலாம் போலிருந்தது. நிறுத்தவில்லை.

பதிவுக்குள் ஒரு மணி அடித்தது. கைப்பேசி மணி. தங்கைக்கென்று அவள் தனியாக வைத்திருந்த மணி, குருவிச் சத்தம். அவள் கை தானாகப் பையைத் துழாவியது. பைக்குள் ஒன்றும் அடிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய அலமாரியில், தட்டின்மேல் வைத்திருந்த கைப்பேசியில் குருவி கூவிக்கொண்டிருந்தது.

"போன் அடிக்குது போலிருக்கே, எடுங்கம்மா" என்றார் டிரைவர்.

"பரவால்லைங்க. என் தங்கச்சிதான்."

"அவசரமா இருக்கப் போகுது."

அப்புறம் அவள் குரல் சொன்னது. கேள்வி கேட்பவள் சொல்லவே கூடாததை, சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த விதியை மீறி, சாதாரணமாகச் சொன்னது.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. தினம் ஒருத்தரைப் பத்து நிமிஷம் உள்ள விடுறாங்களாம். தங்கச்சி என் பேருல அனுமதிச் சீட்டு வாங்கி வச்சுக்கிட்டு வா, வான்னு மூணு நாளா கூப்பிடுறா. நான் வரமாட்டேன்னுட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல் பலவீனம். நான் போய் எதையாவது கொண்டாந்துட்டா? கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதாங்க. நானும் உங்க கட்சி. ஒன்று."

"சரியாச் சொன்னீங்க" என்றார் டிரைவர்.

குருவி கூவிக்கொண்டே இருந்தது. அவள் எண்ணினாள். பதினோரு தடவை. பிறகு ஓய்ந்தது. அவள் குரல் எந்த மாற்றமும் இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனது.

ஹெட்போனைக் கழற்றியபோது மாடி முழுக்க வெயில் சாய்ந்திருந்தது. பன்னிரண்டு தடுப்புகளிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. தங்கை வராதே என்று சொன்னது நிஜம்தான். அந்தக் குரல் இப்போதும் கேட்கிறது. ஆனால் அது ஒன்பதாம் நாள். எல்லாம் முடிந்து, இனி யாரையும் விடமாட்டார்கள் என்றான பிறகு, அழுது களைத்த குரலில் சொன்னது. அந்த ஒரு சொல்லை எடுத்து முன்னால் வைத்து, மூன்று நாள் 'வா'க்களை அவள் எப்போது துடைத்துப் போட்டாள்? அது அவளுக்கே தெரியவில்லை. எந்த நாளிலும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததாக நினைவில்லை. மளிகைக்கடைக்காரரும் அப்படித்தானே. அவள் அவரைப் பார்த்துச் சிரித்திருந்தாள்.

கணவர் அன்று வாயைத் திறந்து மூடியது ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக, தங்கையை இப்போதே பார்க்க வேண்டும் போல ஒரு தவிப்பும் இருந்தது.

காகிதத்தில் எழுதி அடிக்கோட்டின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "குறியீடு சரி. நேர்காணல் எடுத்தவர் தன் கருத்தைச் சொன்னதால் இந்தப் பதிவை நீக்கவும்."

"இதை நீங்க எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். இந்த முறை எந்தச் சொல்லையும் அழுத்தவில்லை.

"ஆமாங்க. கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரட்டுமா?"

மாடிப்படியில் இறங்கி, இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்தாள். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துப் பலகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் எண்ணை அவள் அழித்திருக்கவில்லை. அதை அழுத்தினாள். அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினோரு தடவை அடித்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டாள். நாலாவதில் எடுத்துவிட்டாள் தங்கை.

"அக்கா?"

பின்னால் துணி துவைக்கும் எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான பேரிடம் முதல் வாக்கியம் பேசியவளுக்கு இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

தங்கையே முந்திக்கொண்டாள். "அக்கா, நீ பேசலன்னாலும் பரவால்ல, நான் சொல்லிடுறேன். நான் உன்னை வராதேன்னு சொன்னது பெரிய பாவம்தான். அப்ப எனக்குப் பயம். என்ன பேசுறோம்னே தெரியல. சித்தி சொன்னப்போ முதல்ல கோபம் வந்துச்சு. நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னு தோணுச்சு. அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, ஆமா, சொல்லியிருக்கேன். அம்மா முகத்தை உனக்கு இல்லாம பண்ணிட்டேன். இத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கலக்கா."

கேள்விக்காரி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தங்கையையும் தன் கதையை நம்பவைத்துவிட்டாள். தன் பதிலை அழித்ததோடு நிற்காமல், தங்கையின் பதிலையும் மாற்றி எழுதிவிட்டிருக்கிறாள். தங்கையின் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவ்வளவு சுத்தமாக நம்புகிறாள்.

பேசாமல் கேட்டுக்கொண்டு, விடு, போனது போகட்டும் என்று சொல்லலாம். தங்கை அழுது, நன்றி சொல்லி, இன்று சாயங்காலமே வந்து நிற்பாள். சுவரில் ஒட்டியிருப்பதும் அதுதானே: சொன்னதை எழுது, திருத்தாதே.

"இல்லடி" என்றாள் கேள்விக்காரி. "நீ வான்னு கூப்பிட்ட. என் பேருல சீட்டு வாங்கி வச்சுக்கிட்டு மூணு நாள் கூப்பிட்ட. நான்தான் வரல. வராதேன்னு நீ சொன்னது எல்லாம் முடிஞ்ச அப்புறம். பழைய பதிவு ஒண்ணு இன்னைக்குக் கெடச்சுது, என் வாயாலயே சொல்லியிருக்கேன். நீ அடிச்ச மணியும் அதுல இருக்கு. பதினோரு தடவை. நான் எடுக்கல."

எதிர்ப்பக்கம் நாற்காலி ஒன்று இழுபட்டது.

"நாலு வருஷம்" என்றாள் தங்கை. குரல் வேறாக இருந்தது. "நாலு வருஷமா என்னை என்ன பாடு படுத்திட்டக்கா."

"ஆமா."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா நீ? ஊர் பூரா கேள்வி கேக்குறவ!"

"கேக்கல."

தங்கை அழுதாள். திட்டினாள். மறுபடி அழுதாள். கேள்விக்காரி ஒன்றையும் மறுக்கவில்லை. கீழே கடையில் எழுத்துப் பலகை படித்தவர் புதுக் கண்ணாடியோடு படியேறி, அவளைத் தாண்டி, ஒவ்வொரு படியாக உற்றுப் பார்த்தபடி மேலே போனார்.

"அக்கா" என்றாள் தங்கை, அழுகை சற்றே ஓய்ந்ததும், சின்னக் குரலில். "நான் நிஜமாவே கூப்பிட்டேனா?"

"கூப்பிட்ட."

"வான்னு சொன்னேனா?"

"சொன்ன."

"எத்தனை நாள்?"

"மூணு நாள்."

தங்கை மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். கேள்விக்காரியும் படியில் உட்கார்ந்தபடி மறுபடியும் முதலிலிருந்து பதில் சொன்னாள்.