கிள்ளக் கூடாத தக்காளி

இன்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடை வாசலில் தக்காளிக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ராசன் அண்ணை, தான் வாங்கிய கன்றும் கையுமாக, யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, இது குட்டை இனம். பக்கக் கிளையைக் கிள்ளிப் போடாதேங்கோ. இது காய்க்கிறதே அந்தக் கிளையளிலைதான். நான் ஒருத்தன்ரை கன்றை அப்பிடித்தான் நாசமாக்கினனான்.”

அந்த ஒருத்தன் நான்தான்.

லண்டன் வந்த புதிதில் நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம். பெயின்ற் வாளியில் நான் ஒரு கன்று வளர்த்தேன். ஒருநாள் நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அவர் கிளைகளையெல்லாம் கிள்ளி, ஒற்றைத் தண்டாகத் தடியில் கட்டியிருந்தார்.

மூன்றே பழம் காய்த்தது. அவற்றைத் தேங்காய்ப்பால் சொதியில் போட்டு, இரண்டை எனக்கே வைத்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. கோபமும் போகவில்லை. அறையை விட்டுப் போனவன், இருபத்தைந்து வருடமாக அவரோடு பேசவில்லை.

திரும்பியவர் என்னைக் கண்டார்.

“இன்னும் கோவமோடா?”

“ஓம்.”

“அப்ப இதைக் கொண்டு போ. நான் தொடமாட்டன்.” அந்தக் கன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை யாரோ ஒரு பெண்ணிடம் கேட்ட மனிதர்.

கன்று இப்போது ஜன்னலோரம் நிற்கிறது. எனக்குச் சொதி வைக்கத் தெரியாது. பழுத்ததும் அவரைத்தான் கூப்பிட வேண்டுமா, சொல்லுங்கள்.