சப்பாத்துக்குள் ஒளித்த திறப்பு

சுனாமி வந்து ஐந்தாவது மார்கழி. சண்டை முடிந்த வருசமும் அதுதான். அந்த மார்கழியில் ஒரு நாள் ரொறன்ரோவில் ஒரு கடைவாசலில் நின்று மகனுடைய காரின் திறப்பை அமத்து அமத்தென்று அமத்துகிறேன், கார் அசையவில்லை. திறப்பு என்று சொல்கிறேனே தவிர, அதற்குப் பல் கிடையாது. பெரிய புளியங்கொட்டை மாதிரிக் கறுப்பாக இருக்கும். ரிமோட் என்பார்கள். சட்டைப்பையில் கிடந்தால் போதும், கதவு திறக்கும், கார் ஓடும். அரை மணித்தியாலத்துக்கு முன் நன்றாகப் பூட்டியது. மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் செத்துப்போய் இருக்கிறது.

எனக்கு எழுத வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஊரில் உழவு மெசின் ஓட்டியவன் நான். இங்கே கார் லைசன்சுக்குத் தமிழில் பரீட்சை உண்டு. மகன் கேள்விகளை வாசிக்க வாசிக்கப் பாடமாக்கி, எழுத்தின் முகத்தை வைத்து அடையாளம் பிடித்துப் பாஸ் பண்ணினேன். அதில் எல்லாம் கேட்டார்கள், திறப்பு செத்தால் என்ன செய்வதென்று கேட்கவில்லை.

என் மனுசி தங்கம்மாவுக்கு முட்டு வருத்தம். சுனாமித் தண்ணீர் நாவற்குடாவில் எங்கள் வீட்டைக் கொண்டுபோன நாளில் அவள் நெஞ்சுக்குள் போன உப்புத் தண்ணீரோடு தொடங்கியது. இந்த நாட்டுக் குளிர் பட்டால் உடனே மூச்சு இழுக்கத் தொடங்கும். வாயில் அடிக்கிற பம்ப் ஒன்று டொக்டர் தந்திருந்தார். அந்தப் பம்ப் காருக்குள், சீற்றில் கிடக்கிறது. கண்ணாடியால் பார்க்கிறேன், நீலநிறம், கைக்கெட்டும் தூரம். பனியில் நின்று அவளுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. கடைக்குள் கொண்டுபோய்க் கதவோரம் இருத்திவிட்டு ஓடி வந்தேன். ஒவ்வொரு கதவாக இழுத்தேன். கண்ணாடியை உடைக்கலாமா என்று கல்லுத் தேடினேன். எல்லாம் பனி, கல்லே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் கார் வந்து பக்கத்தில் நின்றது. உயர்ந்த ஒரு பொடியன், இடுப்பில் துவக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து ரிமோட்டைக் காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் தள்ளிவிட்டேன்.

யோசித்துச் செய்ததில்லை, கை செய்த வேலை. ஊரில் சண்டை நடந்த காலம், எங்களுக்கு வயல் வவுணதீவு வட்டையில். வீடு வாவிக்கு இந்தப் பக்கம், ஆமி பக்கம். வயல் அந்தப் பக்கம், இயக்கத்தின் பக்கம். நடுவில் சென்றி, ஆமிக்காரர் ஆளைச் சோதித்து விடுகிற காவலரண். அந்தப் பக்கம் பற்றறி கொண்டுபோகக் கூடாது. பற்றறி என்றால் குண்டுக்கு என்பார்கள். எனக்கோ இராக்காவலுக்கு ரோச் லைற் வேணும். கதிர் முற்றினால் யானை வரும். ஒருமுறை சோற்றுப் பொதிக்குள் இரண்டு பற்றறி வைத்துக்கொண்டு போனேன். பிடித்துவிட்டார்கள். பொழுது சாயும்வரை வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். தங்கம்மா வந்து காலில் விழுந்துதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பற்றறி போட்ட சாமானோடு, அதுவும் ரிமோட்டோடு, துவக்குக்காரன் முன்னால் நிற்பதென்றால் என் உடம்புக்கு வேறு என்ன தோன்றும்?

"இஸ் திஸ் யுவர் கார், சேர்?" என்றான்.

என் மகனுடைய கார் ஆனபடியால் உண்மையைச் சொன்னேன். "நோ, சேர்."

"வேர் இஸ் த கீ?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. வேறொருவன் காரின் கதவை இழுத்துக்கொண்டு நிற்கிற கிழவன் என்று நினைத்தான்போல. அவன் ஏதோ கேட்க, நான் சோற்றுப் பொதி மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்த மரக்கறிப் பையைத் திறந்து காட்டினேன். கத்தரிக்காயைப் பார்த்து அவன் என்ன செய்வான்!

கடைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த தங்கம்மா, மூச்சை இழுத்து இழுத்து வெளியே வந்துவிட்டாள்.

"என்னத்துக்கு... சப்பாத்துக்க வச்ச நீங்க? எடுங்க வெளிய!"

"பேசாம இரி புள்ள, இவன் செக் பண்ணிப் போட்டுப் போகட்டும்."

"இதென்ன வவுணதீவுச் சென்றியா? என்ர சீவன் போகுது... மறுகா ஒளிச்சு விளையாடுங்க!"

சொல்லிவிட்டு அவளே குனிந்து என் சப்பாத்தைப் பிடித்து இழுத்தாள். விழப்போனவளை அந்தப் பொடியன்தான் தாங்கிப் பிடித்தான். அவள் நெஞ்சுச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். நான் ரிமோட்டை எடுத்து நீட்டி, கண்ணாடிக்குள்ளே பம்பைக் காட்டினேன். பொடியன் அதை வாங்கினான். ரிமோட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டையைத் தள்ளினான். உள்ளேயிருந்து மெல்லிய இரும்புத் திறப்பொன்று வந்தது, பல்லுள்ள திறப்பு! கதவின் கைப்பிடியில் ஒரு மூடியைக் கிளப்பினான், அதற்குக் கீழே ஓட்டை. திருகினான். கதவு திறந்தது. அதோடு கார் ஊரைக் கூட்டி அலறத் தொடங்கியது. நான் தலையில் கைவைத்துப் பனியில் குந்திவிட்டேன். எழும்பிப் பார்த்தால் தங்கம்மா பம்பை வாயில் வைத்து அடிக்கிறாள், அவன் ரிமோட்டைக் காரை ஸ்டார்ட் பண்ணுகிற பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, அப்படிப் பிடித்தால் செத்த ரிமோட்டும் வேலை செய்யுமாம், சத்தத்தை நிற்பாட்டிவிட்டுச் சிரிக்கிறான்.

இன்னொரு தரம் அடித்தாள். மெல்ல மெல்ல நெஞ்சு தணிந்தது. உதட்டில் நிறம் வந்தது. "உங்களுக்கு விசர் புடிச்சிருக்கு கா," என்றாள். அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பொடியன் ரிமோட்டைப் பிளந்து, சதக்காசு மாதிரி ஒரு பற்றறியைக் காட்டி, கடைக்குப் போகச் சொன்னான். முட்டாசி இனிப்புகளுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று தொங்கியது. காசாளர் பிள்ளை பையில் போட்டுத் தந்தாள். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்பாளென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.

வெளிக்கிடும்போது பொலிஸ் கார் எங்களுக்குப் பின்னால் வந்தது. சந்தியில் சிவப்பு விளக்கு. நான் முன் லைற்றை அணைத்துவிட்டு உள் லைற்றைப் போட்டேன், சென்றியில் செய்கிற மாதிரி. பச்சை விழுந்த பிறகும், இறங்கி நடக்கச் சொல்லி யாராவது கை காட்டுவார்கள் என்று அப்படியே இருந்தேன். தங்கம்மா கையை நீட்டி உள் லைற்றை அணைத்தாள்.

ஊரில் கதை வேறு மாதிரிப் போயிருக்கிறதாம், என்னைக் கனடாப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதென்று. வயலைச் செய்கிற மச்சான், தங்கம்மாவின் தம்பி, சோறு தின்னாமல் இருக்கிறாராம். வவுணதீவுப் பக்கம் போகிற யாராவது இதை வாசித்தால் அவரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்: ஒருவரும் பிடிக்கவில்லை, அக்கா நல்லாய் மூச்சு விடுகிறா.