அண்ணன் இறக்கிய மெழுகுவர்த்தி

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அழுகிப்போகும் காய்கறியிலிருந்து எரிவாயு எடுக்கும் பிளாண்ட் ஒன்று, கோரமண்டலில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் வரப்போகிறது என்றார்கள். லைன் சங்கத்துக்கு நான் செயலாளர். சம்மதம் சொல்வதற்கு முன்னால் மற்ற ஊர் பிளாண்டுகளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். நோட்டும் பேனாவுமாகக் கிளம்புவதில் எனக்கு ஒரு மிதப்பு.

முதல் தடவை பங்காருபேட்டைக்கு அண்ணனும் வந்தார். தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆளை இறக்கும் கூண்டான கேஜில் இறங்கி வேலை பார்த்தவர். அதன்பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வாட்ச்மேன் வேலை. புது பிளாண்ட் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குத்தான் என்று பேச்சு இருந்தது. ஊரிலேயே வேலை, வீட்டுச் சாப்பாடு. அந்த வயதில் அவர் வேறெதற்கும் ஆசைப்படவில்லை.

அங்கே அப்போதுதான் கட்டி முடித்த ஆழமான தொட்டி ஒன்று இருந்தது. சாணமோ குப்பையோ இன்னும் போடவில்லை. உள்ளே இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்ட அண்ணன், பையிலிருந்து மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துக் கொளுத்தி, ஒரு டப்பாவில் நிறுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினார். சுரங்கத்தில் பழைய குழி எதுவானாலும் அவர்கள் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்களாம்.

“எரியுதுன்னா மூச்சு கீது. அணைஞ்சா எறங்கக் கூடாது,” என்றார்.

சுடர் ஆடாமல் நின்றது. அவர் இறங்கி ஏறிவந்ததைப் பிளாண்ட்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை, கோலார் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிளாண்டுக்குப் போனோம். அன்று அண்ணனுக்கு டியூட்டி. அங்கிருந்த இஞ்சினியர் கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்: காலி செய்த தொட்டியிலும் வாயு தங்கியிருக்கும், தீக்குச்சிகூடக் கிட்டே போகக் கூடாது. அதையும் எழுதினேன். எழுதும்போதே மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பாதி ஆயுசைப் பூமிக்கடியில் கழித்தவருக்கு, கேஜில் கால் வைக்காத நான் குழியைப் பற்றிப் பாடம் நடத்துவதா என்று கூச்சம். கூச்சமாம். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிளாண்ட் வந்தது. அண்ணனுக்கு வேலையும் வந்தது. முதன்முதலாகத் தொட்டியைக் கழுவுவதற்குக் காலி செய்த அன்று, இறங்குவதற்கு முன்னால் வழக்கம்போல மெழுகுவர்த்தியைக் கொளுத்தி இறக்கியிருக்கிறார். வெடிச்சத்தம் லைன் முழுக்கக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். முகம் முழுக்கக் கட்டு. என் குரல் கேட்டதும் தலையைத் திருப்பினார்.

“பாத்துதாம்மா எறக்குனேன். நல்லாதான் எரிஞ்சிது. அப்புறம் இன்னா ஆச்சி?”

என் கைப்பையில் அந்த நோட்டு இருந்தது.

“தெரியலண்ணா,” என்றேன்.

கட்டுப் போட்ட கையால் என் கையைத் தடவினார்.

“உனுக்கு எப்படிம்மா தெரியும்? நீ இன்னா, குழியில எறங்குனவளா?”