பன்னிரண்டாம் தேதிப் புகை

“தண்ணித் தொட்டி தெரியுதா? முழுசா தெரியுதா, தலை மட்டும் தெரியுதா?”

காலை ஏழு மணிக்குப் புகையக்கா போனில் கேட்கும் முதல் கேள்வி இது. எதிர்முனையில் இருப்பவர் பள்ளத்தாக்கில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடைக்காரர். அடுத்த போன் பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு. அவருக்கு மலைமேல் இருக்கும் டவர். அதற்கடுத்தது சலவைக்கடை அம்மாவுக்கு. அவருக்குத் தெருக்கோடி மரம். எல்லாம் பளிச்சென்று தெரிந்தால் பள்ளத்தாக்கில் காற்று நகர்கிறது. மங்கினால் தேங்கிக் கிடக்கிறது. அன்று புகை இறங்கினால் எழுந்து போகாது. செயற்கைக்கோள் படங்கள் அவர் மேசையிலும் உண்டு. “அது தீயைக் காட்டும் சார், இருமலைக் காட்டாது” என்பார்.

காற்றுத் தர அலுவலகத்தில் காட்டுப் புகையைக் கணக்கெடுப்பது அவர் வேலை. எத்தனை ஏக்கர் எரிந்தது, எரிந்தது புல்லா மரமா, ஈரமா காய்ந்ததா என்று விசாரித்து, இத்தனை டன் புகை என்று எழுதுவார். “புல்லு பொசுக்குன்னு போயிடும். தடிமரம் இருக்கே, அது எங்க பெரியப்பா மாதிரி. மூணு நாளைக்கு உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டே இருக்கும்.” கோடையில் காடு மொத்தமாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்க, வனத்துறையே முன்கூட்டிச் சருகையும் புல்லையும் பகுதி பகுதியாக எரிக்கும். எந்த நாள் எரிக்கலாம் என்று அனுமதி தருவதும் இவர்தான்.

ஆள் குள்ளம், நடை வேகம். முடியை இறுக்கிக் கட்டியிருப்பார். யார் அறைக்குள் போனாலும் உட்காருமுன் ஜன்னலைத் திறப்பார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவருடைய கணவர் என்னிடம் முறையிட்டார்: “எங்க வீட்ல கத்தரிக்காய் வதக்கணும்னாக்கூட அனுமதி வாங்கணும். போன ஞாயித்துக்கிழமை எனக்குக் கெடைக்கல.”

புகைக் கணக்கைப் பற்றி எழுதச் சொல்லிப் பத்திரிகையில் என்னை அனுப்பியபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பன்னிரண்டாம் தேதியைப் பற்றி அவரே சொன்ன பிறகு கொட்டாவி போய்விட்டது.

அன்று காலை எடைமேடைக்காரர் போனை எடுக்கவில்லை. புகையக்காவுக்கென்று ஒரு தர்க்கம் உண்டு. போனை எடுக்கவில்லை என்றால் மனிதர் வேலையாக இருக்கிறார். வேலையாக இருந்தால் லாரி ஓடுகிறது. லாரி ஓடினால் பாதை தெரிகிறது. மற்ற இருவரும் மேட்டுத் தெருக்காரர்கள், தெரிகிறது என்று சொல்லிவிட்டார்கள். தொட்டிக்கும் ஒரு டிக் போட்டு, இருநூறு ஏக்கருக்கு அனுமதி கொடுத்தார். எடைமேடைக்காரர் உண்மையில் பல் பிடுங்கப் போயிருந்தார். பள்ளத்தில் தொட்டி தலையளவுகூடத் தெரியவில்லை. சாயங்காலம் புகை இறங்கி இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் பதினொரு பேர் குழந்தைகள். எல்லோரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். “என் ஒரு பல்லால ஊரே இருமிடுச்சு” என்று எடைமேடைக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா அதை ஒப்புக்கொள்வதில்லை. “உங்க பல்லு என்ன பண்ணும்? டிக் போட்டது நான்.”

இப்போது காற்றைச் சுத்தப்படுத்தும் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான புகைப் பட்டியல் போக வேண்டும். காட்டுத்தீயின் புகை யார் கையிலும் இல்லை என்று அதைத் திட்டத்தில் கழித்துவிடுவார்கள். அலுவலகம் அனுமதித்த புகை மட்டும் சேரும். பன்னிரண்டாம் தேதி சேர்ந்தால் பள்ளத்தாக்கு வரம்பைத் தாண்டும். அங்கே காற்றை அளக்கும் கருவியும், பள்ளியில் புகை புகாத அறையும் வைத்தே ஆக வேண்டும். கழிந்தால் காகிதத்தில் அது சுத்தமான ஊர்.

மேலதிகாரி நல்லவர்தான், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “அதே வாரம் அந்தப் பக்கம் காட்டுத்தீ எரிஞ்சுதே. அதுலயே இதையும் சேர்த்துடுங்க. யாரு கேக்கப் போறா?”

“யாரும் கேக்க மாட்டாங்க சார். அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“எழுதினீங்கன்னா அனுமதி மேசையில உங்கள வச்சிருக்க முடியாதும்மா.”

“வேற மேசை குடுங்க சார். உக்காந்துக்கறேன்.”

பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த மேசை. அந்த ஒரு தேதியை எழுதாமல் விட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கே தோன்றியது, வெட்கத்தோடு சொல்கிறேன். அவரோ மறுநாளே பூட்ஸ் மாட்டிக்கொண்டு எரிந்த சரிவுக்குக் கிளம்பினார். நானும் மூச்சு வாங்கப் பின்னால் ஏறினேன். கரிக்கட்டைகளைப் புரட்டி, டேப் வைத்து அளந்து, எவ்வளவு மிச்சம், எவ்வளவு புகையானது என்று எழுதிக்கொண்டே போனார். அனுமதிச் சீட்டில் புல் என்று இருந்த இடத்தில் தடிமரங்களும் எரிந்திருந்தன. அவர் தப்பு இன்னும் பெரிதாயிற்று. “இதையும் எழுதணுமா?” என்றேன். “செஞ்ச தப்பையாவது சரியா அளக்கணும்ல?” என்று அடுத்த கட்டைக்குப் போனார்.

பட்டியலை ஊர் மக்கள் முன்னால் வாசிக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேடையில் மேலதிகாரியும் அக்காவும். முன்வரிசையில் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். ஒரு தாயின் மடியில், கையில் இன்ஹேலரோடு ஒரு பெண்குழந்தை. அக்கா நாள்களைக் கடகடவென்று வாசித்து வந்தார். பன்னிரண்டாம் தேதி வந்ததும் தாளிலிருந்து தலையைத் தூக்கி முன்வரிசையைப் பார்த்தார். “அடுத்ததுக்குப் போங்க” என்று மேலதிகாரி முணுமுணுத்தது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா மைக்கோடு மேடையிலிருந்து இறங்கினார். ஒயர் கடைசிப் படிவரைதான் எட்டியது. மைக்கைப் படியிலேயே வைத்துவிட்டு, அந்தத் தாயின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, பன்னிரண்டாம் தேதி, அனுமதித்தவர் நான் என்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்.