இல்லாத அக்காவின் வருத்தம்

பெண்கள் கிளினிக்கில் தாதி வேலை என்றால், பாதி நேரம் வராத நோயாளிக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். வாய் கூசி, உடம்பின் வருத்தத்தை டொக்டரிடம் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே சிரிக்காமல் வாசியுங்கள்.

அக்காவுக்காம்

வவுணதீவிலிருந்து சுலோ வந்தாள். இருபத்தாறு வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுடைய அக்காவுக்குப் பெண்ணுறுப்பின் உள்ளிதழ் ஒன்று மற்றதைவிட நீளமாம், வெளியே தெரியுமாம். வெட்டலாமா என்று கேட்டாள். அக்காவைக் கூட்டி வரச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"அவ வரமாட்டா, மிஸ். தன்ட கலியாணத்தையே நிப்பாட்டுங்க எண்டு நிக்கிறா."

கட்டார் சோப்பு

அடுத்த கிளினிக் நாளிலும் சுலோ தனியாகத்தான் வந்தாள். காத்திருப்போர் உட்காரும் நீள வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் காத்தான்குடி ஹசீனா. போன முறை ஹசீனாவுக்கு அதே இடம் தடித்துச் சிவந்து, நடக்கவே எரிச்சல். கட்டாரிலிருந்து கணவர் அனுப்பிய வாசனைச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று டொக்டர் கண்டுபிடித்தார். சோப்பை நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த துணி வைத்ததில் வீக்கம் வற்றிவிட்டது. அந்தக் கதையை டொக்டரிடம் சொல்லுமுன் ஹசீனா வாங்கில் இருந்த எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

"அவர் லீவில வரட்டும். மிச்சச் சோப்பெல்லாம் போட்டு அவரத்தான் குளிக்க வாக்கப்போறன்."

அக்கா இல்லை

எல்லாரோடும் சேர்ந்து சிரித்த சுலோ, அந்தச் சிரிப்பு அடங்குமுன் உள்ளே வந்து, அக்கா இல்லை, நான்தான் என்றாள். உடனே டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் பார்த்தார், புண்ணில்லை, கட்டியில்லை, நோவுமில்லை. பருவ வயதில் இப்படி வளர்வது இயல்பு, ஒன்று நீண்டிருப்பதும் இயல்பு, பிள்ளைப்பேற்றோடும் மாறும் என்றார். ஓயாமல் உரசிப் புண்ணானால்தான் ஒப்பரேசனைப் பற்றி யோசிக்கலாம். திடீரென ஒரு பக்கம் வீங்கி நோகுமானால் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை ஏதும் சொன்னால் என்ன செய்வது என்று சுலோ கேட்டாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். அதை நினைத்தாளோ என்னவோ, அவளே சொன்னாள்.

"வீடும் என்ட, உடம்பும் என்ட, மிஸ். வாறவர்தான் பழகோணும்."

இத்தனை வருடத்தில் நான் கண்ட வீக்கங்களில் சோப்பால் வந்தது கொஞ்சம், யாரிடமும் கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்ததால் வந்ததுதான் அதிகம்.